குடைக்கம்பி ஏரியல்

மேலகரத்தில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நின்ற குடையைப் போல ஒன்று தென்காசி வட்டாரத்திலேயே கிடையாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதற்குத் துணி இல்லை. மழைக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது. ஆனாலும் அதைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

அம்மாவின் தம்பி, செங்கோட்டை மாமா, சைக்கிள் கடை வேலைக்காக எங்களோடு தங்கியிருந்தார். செங்கோட்டை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மாமாவுக்கு ரேடியோப் பைத்தியம். பழைய வால்வுகளைச் சேர்த்து ஒரு பெட்டியே செய்துவிட்டார். அலையைப் பிடிக்கும் ஏரியலுக்குத்தான் திண்டாட்டம். கிடைத்த கம்பியை இரண்டு தென்னைக்கு நடுவே கட்டினார். திருச்சி வந்தது, சிலோன் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவனந்தபுரம் மட்டும் வரவில்லை. மாமாவுக்குத் திருப்தியும் வரவில்லை.

"படுக்கப்போட்ட கம்பிக்கு ரெண்டு பக்கந்தான் காது கேக்கும்ட்டி. நெட்டுக்குத்தலா நிறுத்துனா நாலு பக்கமும் கேக்கும். உச்சியில விரிஞ்சாப்ல ஏதாச்சும் இருந்தா இன்னும் நல்லது. செலவில்லாம என்ன கெடைக்கும்னு பாரு" என்றார்.

அப்பா குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தார். போன சீசன் காற்றில் மடங்கிப்போய், வந்தவர்கள் வீசிவிட்டுப் போன குடைகள் கடைக்குப் பின்னால் கிடந்தன. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பியும் ஒடியாமல், துரு ஏறாமல் இருந்த பெரிய குடை ஒன்று தேறியது. மாமா துணியை உரித்து அதை மூங்கில் உச்சியில் கட்டி, அதிலிருந்து ஒரு கம்பியைப் பெட்டிக்கு இறக்கினார்.

அந்த வருஷம் பார்த்துச் சாரல் தாமதித்தது. ஆனி பிறந்தும் அருவியில் நூல் போலத்தான் தண்ணீர். பஸ்ஸில் போகிற எவர் கண்ணிலோ எங்கள் குடை பட்டுவிட்டது. குற்றாலத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"வானத்தைப் பாத்து வெறுங்குடைய விரிச்சு வச்சா சாரல் எப்படி எறங்கும் தம்பி? வியாபாரத்த நம்பி இருக்கோம்லா. எறக்கிருங்க" என்றார் துண்டுக்கடை அண்ணாச்சி.

அப்பாவும் அந்த வியாபாரத்தை நம்பியவர்தான். மறுநாள் காலையில் இறக்கிவிட வேண்டும் என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். நான் சாப்பிடாமல் அழுதேன்.

அன்று சாயங்காலம், கடைசியாக ஒருமுறை என்று மாமா பெட்டியைத் திருகினார். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மலையாளக் குரல் முதல்முறையாகத் தெளிவாக வந்தது.

"என்னமோ காலம், வருஷம்ங்கான். பஞ்சாங்கம் வாசிக்கானா?" என்றார் அப்பா.

அம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "அது நம்ம வருஷம் இல்ல. வர்ஷம்னா மழை. காலவர்ஷம் கொல்லத்துல எறங்கிட்டாம். கிழக்க மலைக்கு வருதாம்."

பிறகு அந்தக் குரல் சொல்லச் சொல்ல, ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டு இங்கே சிரித்தார்களாம். அன்றோடு மலையாளத்தை வாயில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய், இரண்டு நாள் பொறுங்கள் என்று கடை கடையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் சாரல் விழுந்தது. துணியில்லாத குடையில் தண்ணீர் சொட்டியதை நான் நனைந்துகொண்டே பார்த்தேன். அடுத்த சீசனுக்கு அண்ணாச்சியே வாசலில் வந்து நின்று, "குடை என்ன சொல்லுது?" என்று கேட்டார். அம்மா தலை நிமிர்ந்து பதில் சொன்னாள். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. எல்லாம் நான் பொறுக்கிய குடையால் வந்த பெருமை என்றே நினைத்தேன்.

மழைச் செய்தியே இல்லாத மாசி மாதத்திலும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ரேடியோ முள் திருவனந்தபுரத்தில்தான் நிற்கும். அம்மா மறந்துபோய் அங்கேயே விட்டுவிட்டாள் என்று எண்ணி, நல்ல பிள்ளையாக அதைத் திருச்சிக்குத் திருப்பி வைப்பேன். மறுநாள் வந்து பார்த்தால் அது மறுபடியும் திருவனந்தபுரத்தில் நிற்கும்.