எலும்பு முறியாத கால்

நான் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்த இரண்டாவது வாரம், திருவானைக்காவல் வண்டிக்காரர் மாணிக்கத்தைத் திருச்சியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். மணல் ஏற்றிய அவருடைய மாட்டுவண்டியே அவர் பாதத்தில் ஏறிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தோம். ஒரு எலும்பும் உடையவில்லை. அப்பாடா என்றிருந்தது. அது அறுபதுகளின் தொடக்கம். படம் நன்றாக இருந்தால் ஆளும் நன்றாக இருக்கிறான் என்பதுதான் எங்கள் வேதம்.

மனுஷனோ கதறினார். வலிக்குப் பெத்திடின் ஊசி போட்டும் கதறினார். வீங்கிய காலைத் தலையணை வைத்து உயர்த்த வேண்டும் என்று படித்திருந்தேன்; உயர்த்தினேன். கதறல் கூடியது. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் மனைவி செல்லம்மா தலையணையை உருவிவிட்டுக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க? வீக்கம் ஏறும்ல!"

"தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் தேவலைங்கறாரு, டாக்டரம்மா. நான் என்னங்க செய்ய?"

வீங்கிய காலைத் தொங்கவிட்டால் வலி குறையுமா? எந்த ஊர் நியாயம் இது? எனக்குத் தலை சுற்றியது.

வார்டு சிஸ்டர் அலுத்துக்கொண்டார். "எலும்பே உடையல. இந்த ஆளு சும்மா நடிக்கிறாரு டாக்டர்."

பாதத்தின் மேல் நாடி பார்த்தேன். துடித்தது. ரத்தம் ஓடுகிற, எலும்பு உடையாத கால் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது? தோல் இறுகிப் பளபளத்தது. விரலிடுக்கில் தொட்டால் மரத்திருக்கிறது என்றார் மாணிக்கம். மரத்த கால் எப்படி வலிக்கும்? ஒன்றும் விளங்கவில்லை. பயமாக இருந்தது. அவர் கால் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

எங்கள் தலைமை சர்ஜனான சீஃபைக் கூட்டிவந்தேன். அவர் அந்தக் காலின் பெருவிரலை மெல்ல மேல்நோக்கி வளைத்தார். மாணிக்கம் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"நாடி இருக்கே சார்?" என்றேன்.

"இருக்கட்டும்மா. பெரிய குழாய்ல ஓடுது. சதையைச் சுத்தி உறை இருக்குல்ல, அதுக்குள்ள வீங்கி நெரிபடுது. சதைக்கு ரத்தம் போகல. காலை உயர்த்தினா வர்ற கொஞ்சமும் நின்னுடும். கையில இப்படி வந்து பார்த்திருக்கேன், இறுக்கிக் கட்டுன கட்டால. பாதத்துலயும் வருமான்னு எனக்கே தெரியாது. தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு."

பாதத்தின் மேல் இரண்டு நீளக் கீறல். உறையைப் பிளந்ததும் கறுத்த சதை பிதுங்கிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டே நின்றோம். மெல்லச் சிவந்தது. சீஃப் தைக்காமல் துணியால் மூடிவிட்டார். புண்ணைத் திறந்தேவா விடுவது என்று அதற்கும் குழம்பினேன். வீக்கம் வடிந்தபின்தான் தொடைத் தோலை எடுத்து ஒட்டினோம்.

இளம் டாக்டர்களே, காயத்துக்கு மீறிய வலி, இறுகிய பாதம், விரலை வளைத்தால் அலறல் இருந்தால் நாடியையும் படத்தையும் நம்பி உட்காராதீர்கள். கட்டு இருந்தால் அவிழுங்கள். காலை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும்.

என் மனதில் நிற்பது வேறு. அன்று ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் மாணிக்கத்தை விரலை அசைக்கச் சொன்னேன். அசைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"டாக்டரம்மா, நான் நடிக்கலேன்னு அந்த சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.