யூ இல்லாத கியூ

கல்யாணமாகி மடவளையில் மனைவியின் வீட்டில் வந்து தங்கியது கொஞ்ச காலத்துக்கு என்றுதான். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பது புதினமல்ல. என் உம்மா வீடு கடுகண்ணாவையில். எனக்கு வேலை கண்டி டவுனில் ஒரு மருந்துக் கடையில். டவுனுக்குக் கிட்டவாக ஒரு சின்ன வாடகை வீடு பார்த்து இரண்டு பேரும் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் மனைவியின் வாப்பாவுக்கு, என் மாமாவுக்கு, இருதய ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது.

மாமா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பலகையில் எழுத்துக் கட்டைகளை அடுக்கி இங்கிலீஷ் சொல் கட்டுகிற ஸ்க்ரபிள் என்றால் சாப்பாட்டையும் மறப்பார். அவரோடு வழக்கமாக விளையாடுகிற கூட்டாளி, மகளோடு கொழும்புக்குக் குடிபோய்விட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே போகவும் ஏலாது, மனம் நோகவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலை முடிந்து வரும் என்னைப் பார்த்து, கொஞ்ச நேரம் மாமாவோடு இருந்து விளையாடினால் அவருக்கு மனசு லேசாகும் என்றார் மாமி. புது மாப்பிள்ளை அதற்கு எப்படி மாட்டேன் என்பது?

அப்படித் தொடங்கியது. பஸ் இறங்கி, முகம் கழுவி, தேத்தண்ணீர் குடிப்பதற்குள் மேசையில் பலகை விரிந்திருக்கும். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்ப முடியாது. மாமா விளையாடும்போது பேசுவதில்லை. பேசினால் யோசனை கலைந்துவிடுமாம். என் மனைவி உள்ளே தையல் மெஷினில் இருப்பாள். அவளோடு உட்கார்ந்து கதைக்க எனக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நேரம் கிடைக்கும். அப்போது அவளுக்கும் தூக்கம், எனக்கும் தூக்கம்.

என் இங்கிலீஷ் மருந்துச் சீட்டு வாசிக்கிற அளவுக்குத்தான். மூன்றெழுத்தில் பூனை, நாய் என்று வைப்பேன். மாமா ஏழு கட்டைகளையும் ஒரே வீச்சில் இறக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துப் புள்ளி எழுதுவார். தோற்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தக் கதிரையை விட்டு எழும்ப முடியாததுதான் கவலை. அவரை ஒருமுறை நன்றாகத் தோற்கடித்தால் சலித்துப்போய் விட்டுவிடுவார் என்று ஒருநாள் என் புத்தி போனது.

போனில் தேடினேன். ஸ்க்ரபிள் ஆடுகிறவர்களுக்காகவே சொற்களைப் பிரித்து அடுக்கிவைத்திருந்தார்கள். இரண்டெழுத்துச் சொற்கள் தனி, மூன்றெழுத்து தனி, உயிரெழுத்தே இல்லாதவை தனி, கியூவுக்குப் பின்னால் வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும் யூ இல்லாதவை தனி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் அவற்றை மனப்பாடம் செய்தேன். அர்த்தம் பார்க்கவில்லை. எத்தனை எழுத்து, எந்த எழுத்து, அவ்வளவுதான். யூ இல்லாத கியூ சொற்கள் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டன. காதி, ஃபகீர், நிகாப் என்று பாதிக்கு மேல் நம்முடைய அரபுச் சொற்கள்தான்.

சில மாதங்களில் நான் வெல்லத் தொடங்கினேன். ஆனால் மாமா சலிக்கவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் யாரும் கண்டதில்லை. இத்தனை வருடத்தில் தனக்குச் சரிசமமாக ஆட ஓர் ஆள் கிடைத்ததே என்று பள்ளிவாசலிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு ஆட்டம் இரண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையும் சேர்ந்துகொண்டது. கடையில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கும்போதுகூட என் மூளை அவற்றின் எழுத்துகளைக் கலைத்துக் கலைத்துக் கோர்க்கத் தொடங்கிவிட்டது. நானே சாவி போட்டுப் பூட்டிக்கொண்ட அறை மாதிரி இருந்தது.

வீடு மாறும் பேச்சை எடுக்கப் பலமுறை வாய் வரைக்கும் வந்தது. மாமாவின் நெஞ்சில் சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் தெரியும் தழும்பைப் பார்த்தால் போதும், விழுங்கிவிடுவேன்.

ஒரு மழைநாள் மாலை. நான் புள்ளியில் பின்தங்கி இருந்தேன். கையில் டீ, ஏ, எல், கியூ. பலகையில் மாமா வைத்த சொல் ஒன்றின் ஏ எழுத்துக்கு மேலும் கீழும் இடம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் மூன்று மடங்குப் புள்ளி. யோசிக்கவே இல்லை. கட்டைகளை வைத்துவிட்டுப் புள்ளியைக் கூட்டிச் சொன்னேன்.

மாமா பேனையை எடுக்கவில்லை. அப்போதுதான் நான் வைத்ததை வாசித்தேன். தலாக். அவருடைய ஒரே மகளின் புருஷன், மணவிலக்குச் சொல்லை, அவருடைய வீட்டில், அவருடைய மேசையில்.

கட்டைகளை எடுக்கப் போனேன். மாமா என் கையை மெல்லத் தடுத்தார். தடித்த அகராதியைப் புரட்டி, விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, முழுப் புள்ளியையும் என் பெயருக்கு நேரே எழுதினார். பிறகு கேட்டார்.

"மகன், ஒங்களுக்கு இங்க இருக்க ஏலாமயா?"

"அவவோட எந்தப் பிரச்சினையும் இல்ல மாமா. அல்லாஹ்வுக்காக, இது வெறும் சொல்லு. புள்ளிக்காக வச்சது."

"அது வெளங்குது. நான் கேட்டது வீட்டப் பத்தி."

சொல்லிவிட்டேன். தனியாக ஒரு வீடு பார்க்க ஆசை என்று. சொல்லும்போது அவர் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு ஒரே சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க இதச் செல்லுவீங்கண்டு எனக்குத் தெரியும்," என்றார். "அதுதான் கதைக்க விடாம ஆட்டத்தப் போட்டுட்டே இருந்தேன்."

அன்று இரவு என் மனைவி என்னோடு சண்டை பிடித்தாள். அந்தச் சொல்லை வைத்ததற்காக ஒரு பங்கு, தன்னிடம் கேட்காமல் வாப்பாவிடம் வீட்டுப் பேச்சை எடுத்ததற்காக இரண்டு பங்கு. வாப்பா தேறும்வரை தான் எங்கும் வரமாட்டேன் என்றாள். கொஞ்சம் அழுதுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடுகண்ணாவைக்கு உம்மாவிடம் போய்வரலாம் என்றாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாமா என்னை விளையாடக் கூப்பிடவே இல்லை. பலகையை விரித்து, இரண்டு பக்கத்துக்கும் தானே கட்டை எடுத்து ஆடினார். சில நாள் அறைக்குள்ளேயே இருந்து பார்த்தேன். அழைத்தபோது எழும்ப முடியாததைவிட அழைக்காதபோது உள்ளே இருப்பது பாரமாக இருந்தது. ஒருநாள் நானாகவே போய் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

அவர் எனக்குக் கட்டைகளைத் தள்ளிவிட்டு, உம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்தார். அந்த மழைநாளை விட்டால், ஆட்டத்தின் நடுவில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மருந்தின் பெயரைச் சொன்னேன். தனக்கும் முன்பு அதையே எழுதிக் கொடுத்தார்கள் என்றார்; அதிலிருந்து தன் கந்தோர்க் காலத்துக் கதைக்குப் போனார். பாங்கு சொன்னபோது பலகையில் பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். சில நாட்களில் நான் இன்னமும் பஸ்ஸிலிருந்து ஒரு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி, மெதுவாக நடந்துதான் வீட்டுக்குப் போகிறேன்.