இஸ்பேட் வந்தும் தோற்ற ஆட்டம்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் எங்களுக்கு ஒரு சர்பத் கடை. நான், என் தம்பி, என் மச்சான் மூன்று பேரும் பங்கு. பௌர்ணமியன்று ஒருவருக்குத்தான் லீவு. யாருக்கு என்பதைப் போக்கர் சீட்டு ஆடி முடிவு செய்வோம். காசு கிடையாது, சோடா மூடிதான். தோற்றவன் கெஞ்சக் கூடாது, ஜெயித்தவன் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் நான்தான்.

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் என் மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. முதல் தடவையாக மேடையில் ஆடுகிறாள். நான் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று ஒரு வாரமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி சீக்கிரமே தோற்று எழுந்துவிட்டான். மிச்சம் நானும் மச்சானும். என் கையிலிருந்த இரண்டு சீட்டும் இஸ்பேட். எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்த நாலு சீட்டிலும் இரண்டு இஸ்பேட், கூடவே எட்டாம் நம்பர் சீட்டு ஜோடியாகக் கிடந்தது. கடைசிச் சீட்டும் இஸ்பேட்டாக வந்தால் எனக்கு ஐந்து சேர்ந்துவிடும். மச்சான் ஒரு கை மூடியைத் தள்ளினான். சரிக்குச் சரி வைக்க என்னிடம் இருந்த அத்தனையும் வேண்டும். ஆனால் நடுவில் அதைப்போல ஆறு மடங்கு கிடந்தது. ஐந்து தடவைக்கு ஒரு தடவை இஸ்பேட் வரும். செங்கம் ரோட்டில் ரூம் எடுத்திருந்த வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி தாராளமாக வைக்கலாம்.

"இன்னா மாமா, கணக்கு போட்டுக்கினே கீறீங்க? வைக்கிறீங்களா, எறியறீங்களா?"

"இர்றா, அவசரப்படுத்தாத."

வைத்தேன். இஸ்பேட்டே வந்தது! நான் துள்ளி எழுந்தேன். மச்சான் நிதானமாகத் தன் சீட்டைத் திருப்பினான். பொதுச் சீட்டோடு சேர்த்து மூன்று எட்டு, இரண்டு ராஜா. ஐந்து இஸ்பேட்டைவிட அது உசத்தி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். என் மச்சான் எப்பேர்ப்பட்ட ஆள்? உட்கார இடம் இருக்கிறதா என்று கண்டக்டரைக் கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸில் கால் வைப்பான். அவன் மூடியைத் தள்ளுகிறான் என்றால் ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம். பாழாய்ப்போன கணக்கு என் சீட்டு வருமா என்று மட்டும்தான் சொன்னது. வந்தாலும் செல்லுமா என்பதை எதிரே இருந்தவன் மூஞ்சியில் அல்லவா பார்த்திருக்க வேண்டும்! அதுவும் நூறு ஆட்டம் ஆடுகிறவனுக்கான கணக்கு. எனக்கு இருந்ததோ ஒரே ஒரு சாயங்காலம். எறிந்துவிட்டு, கையிலிருந்த மூடியை வைத்து இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருக்கலாம்.

"லீவு போட்டு எங்கடா போவப்போற?" என்றேன்.

"பாப்பா டான்ஸுக்குத்தான். தாய்மாமன் இல்லாம எப்டி? முன்னாடியே குந்திக்கினு வீடியோ எடுத்து அனுப்பறேன், கவலப்படாதீங்க."

சொன்னபடி அனுப்பினான். கூட்டத்துக்கு நடுவே, எலுமிச்சைச் சாறு வழியும் கையோடு பார்த்தேன். பாப்பா ஒரு அடிகூடத் தப்பாமல் ஆடினாள். எதிரே உட்கார்ந்திருந்த மாமனை ஒரு தடவை பார்த்துச் சிரித்தாள். அப்புறம் பாட்டு முடிகிறவரை அரங்கத்து வாசலையே பார்த்துக்கொண்டு ஆடினாள்.