கோரா அக்காவின் அப்பா நடித்த படம்

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு பொரித்தார்கள். எங்கள் சனம் வந்து குடியேறிய தோர்ண்டன் ஹீத்தில் இது ஒன்றும் புதினமில்லை. ஆனாலும் மணம் எங்களுடையதல்ல என்று தெரு அறியட்டும் என்று யன்னல்களைத் திறந்துவிட்டேன். திறந்தபிறகு, திறந்த வீட்டைத்தானே சந்தேகிப்பார்கள் என்று தோன்றியது. ஓடிப்போய்ச் சாத்தினேன். என் சீவியத்தில் பாதி இப்படித் திறப்பதிலும் சாத்துவதிலுமே போய்விட்டது. சாத்திய யன்னலுக்குள் நின்றபோது கோரா அக்காவின் நினைவு வந்தது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுத்துக்கொண்டிருந்தேன். கோரா அக்கா அங்கே வயதானவர்களைப் பராமரிப்பவர், பிலிப்பைன்ஸ்காரி, என்னைவிட நன்றாக மூத்தவர். ஒருநாள் சாப்பாட்டறை வாசலில் மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆர் இங்க செத்ததைச் சூடாக்கினது?" என்று கேட்டார். என் டப்பாவிலும் கருவாடு, கோரா அக்காவின் டப்பாவிலும் கருவாடு. நான் மூடியை இறுக்கிப் பிடித்தபடி முருகனை நினைத்தேன். கோரா அக்கா கையைத் தூக்கி, "நான்தான். கொஞ்சம் ருசி பாக்கிறீங்களோ?" என்றார்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குத் தம்பி. அந்த ஒரு தமிழ்ச்சொல்லை ராகம் போட்டு இழுப்பார். மற்றதெல்லாம் எங்கள் இருவரின் ஓட்டை இங்கிலீசு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனின் இங்கிலீசை நீங்கள் தாங்கமாட்டீர்கள், அதனால் எங்கள் ஊர்த் தமிழிலேயே தருகிறேன்.

அவர் வருவதைத் திரும்பிப் பாராமலே அறிவேன். வலது காலைச் சற்று வெளியே எறிந்து, ஒரு தட்டு, ஒரு இழுப்பு என்று நடப்பார். பின்னால் வருவது யார் என்று காலடியில் கண்டுபிடிப்பது நான் சண்டை நடந்த ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். மற்றவர்கள் குத்துவிளக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒருநாள் அந்தத் தட்டும் இழுப்பும் கொஞ்சம் வேகமாக வந்தன. கையில் டிவி நிகழ்ச்சிகள் போட்ட பத்திரிகை.

"தம்பி, உன்னட்ட வீடியோ இருக்கெல்லோ? புதன்கிழமை மத்தியானம் இந்தப் படம் போடுறாங்கள். எனக்கு ஷிப்ட். கசெட்டில பிடிச்சுத் தர ஏலுமோ?"

"என்ன படம் அக்கா?"

"எங்கட அப்பா நடிச்ச படம்."

அமெரிக்கர்கள் எடுத்த பழைய சண்டைப்படம் அது. ஜப்பான்காரன் பிலிப்பைன்சைப் பிடித்துவிட, ஓர் அமெரிக்க அதிகாரி ஊர்ச்சனத்தோடு காட்டுக்குள் ஒளிந்திருந்து அடிக்கிற கதை. உண்மையான சண்டையில் அக்காவின் அப்பா காட்டிலிருந்தவர்களுக்குச் செய்தி கொண்டு ஓடியவராம். "சண்டை பிடிச்சது எங்கட ஆக்கள், கதாநாயகன் மட்டும் அவன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். படம் எடுத்து முடிந்த கையோடு அப்பாவைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது, அக்கா அப்போது தொட்டிலில். வீட்டிலிருந்த அவருடைய ஒரேயொரு போட்டோவையும் பிறகு வந்த புயல் அள்ளிக்கொண்டு போனது.

"அண்ணைமாருக்கு முகம் ஞாபகம் இருக்கு தம்பி. நான் மட்டும்தான் காணேல்லை."

புதன்கிழமை வந்தது. மனைவி வதனியின் நாடகக் கசெட் ஒன்றை எடுத்து, திரும்பப் பதியக்கூடாதென்று அவள் உடைத்துவைத்திருந்த மூலையில் டேப் ஒட்டி, மிசினை நம்பாமல் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். வெடிச்சத்தம் வரும்போதெல்லாம் ரிமோட்டால் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு எழுந்து யன்னலைச் சாத்தினேன்.

"படத்துச் சத்தத்துக்கு ஆரப்பா வரப்போயினம்?" என்றாள் வதனி.

"வெள்ளைக்காரச் சனம் என்ன நினைக்கும்?"

"அவையும் இதைத்தான் பாத்துக்கொண்டிருப்பினம்."

அப்போது படத்தில் விமானம் ஒன்று இரைந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வீட்டு முகட்டைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு வர நேரமெடுத்தது.

காட்டில் நின்ற ஒவ்வொரு முகத்திலும் அக்காவின் அப்பாவைத் தேடினேன். ஒருவரும் ஒத்துவரவில்லை. ஒரு மரப்பாலத்தில் ஜப்பான் படை வரிசையாக வந்தது. மூன்றாவது ஆள் வலது காலை வெளியே எறிந்து நடந்தான். கோரா அக்காவே தோளில் துவக்கோடு போவதுபோல இருந்தது. காட்டுக்குள்ளிருந்து வெடி விழ, அவன் ஆற்றில் சரிந்தான்.

 உடுப்பை வைத்து ஆளை எதிரியென்று முடிவுகட்டிய ஊரிலிருந்து வந்தவன் நான். வாழ்நாளெல்லாம் தேடிய அப்பாவை எதிரியின் உடுப்பில், அதுவும் சாகும்போது, எப்படிக் காட்டுவது?

"சொல்லாமல் விடுவமோ?" என்று வதனியைக் கேட்டேன்.

"விசரே உங்களுக்கு? அந்த மனிசி தேப்பனைத் தேடுது. உடுப்பையே தேடுது?"

ஞாயிற்றுக்கிழமை கோரா அக்கா வந்தார், கையில் கருவாட்டோடுதான். "இவரோ? இவரோ?" என்று திரையைத் தொடுமளவுக்குக் குனிந்து பார்த்தார். பாலம் வந்தது, படை போனது, ஆள் விழுந்தார். அக்காவுக்குப் பிடிபடவில்லை. தன் நடை யாருக்குத்தான் தெரியும்? நான் கசெட்டைப் பின்னால் ஓடவிட்டேன். அந்தக் காலத்து மிசினில் படம் தெரியத்தெரியவே பின்னால் ஓடும். மனிதர் தண்ணீரிலிருந்து எழும்ப ஆறு மூடிக்கொண்டது, அவர் பாலத்தில் ஏறிப் பின்பக்கமாக நடந்தார்.

"அக்கா, மூண்டாவது ஆள். காலைப் பாருங்கோ."

அக்கா எழுந்தார். எங்கள் சின்ன வரவேற்பறையில் குறுக்கே நடந்தார், தன் வலது காலையே பார்த்தபடி. சுவரில் முட்டித் திரும்பியவர் உரக்கச் சிரித்தார்.

"சப்பாத்து! படம் முடிஞ்சு அப்பா சப்பாத்தோட வீட்டை வந்தவரெண்டு அம்மா சொல்லுவா. இப்பத்தான் விளங்குது. காட்டில நிண்டவைக்கு வெறுங்கால், ஜப்பான்காரனுக்குத்தான் சப்பாத்து. கள்ள மனிசன்!"

கள்ள மனிசன் என்று சொல்லும்போதே முகம் உடைந்துவிட்டது. வதனி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பப் போடு தம்பி. விழுறது வேண்டாம். எழும்புறதை மட்டும் போடு."

கசெட் கீச்சிடும்வரை போட்டேன்.

அந்த இல்லம் இப்போது அடுக்குமாடி வீடுகள். அக்கா ஓய்வுபெற்று, கசெட்டையும் கொண்டு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் வீடியோ மிசினைக் கவுன்சில் குப்பை வண்டி ஏற்றிக்கொண்டு போனது. காலையில் நான் இந்தக் கதையைச் சொல்லி முடிக்குமுன்னே மகள் தன் போனில் படத்தை எடுத்து, "இதுதானே அப்பா?" என்று நீட்டினாள். கோடு இல்லை, இரைச்சல் இல்லை, கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. பாலம் வந்ததும் விரலால் பின்னுக்கு இழுத்தேன். ஆற்றில் கிடந்தவர் அடுத்த கணம் பாலத்தில் நின்றார். இன்னும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஆறு, பாலம். ஆறு, பாலம். அவர் எழும்புகிற இடம் மட்டும் வரவேயில்லை.