முழங்கால் அளவு தண்ணீர்

முதலில் வலித்தது வலது முழங்கால். பள்ளியில் கோ-கோ ஆடி வந்த வலி என்று அம்மா தைலம் தேய்த்தாள். முழங்கால் சரியாகி, வலி கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு காய்ச்சல். தாம்பரத்து டாக்டரம்மா என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்றார். அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினான்கு வயது.

பென்சிலின் ஊசியும் மாத்திரையும் படுக்கையுமாக மழைக்காலம் போயிற்று. காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது. படுக்கைதான் விடவில்லை. அப்பா குரோம்பேட்டையில் அறிவியல் ஆசிரியர். "நாடியைக் கவனிச்சுக்குங்க" என்று டாக்டரம்மா போகிறபோக்கில் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். காலையும் மாலையும் என் மணிக்கட்டைப் பிடித்தபடி தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கொஞ்சம் கூடினால் அன்று குளியல் கிடையாது, ஜன்னலும் திறக்கக் கூடாது. சோறுகூட மணி பார்த்துத்தான். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வேலிக்கு மேலாக எட்டி, கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்பார்: "இன்னைக்கு எவ்வளவு சார்?"

இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது நானே ரகசியமாக எண்ணத் தொடங்கியிருந்தேன். எழுந்து நின்றால் எண்ணுவேன். எண்ண எண்ண அது கூடும். இனி எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, இந்தக் கட்டில்தான் என்று நிச்சயமாக நம்பினேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படிப் படுத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோய் கிளம்பிப் போன பிறகும் பயம் கிளம்பாது.

தை பிறந்ததும் மறுபரிசோதனை. நாங்கள் வீட்டில் நடத்திய கூத்தைக் கேட்டு டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"இதயம் நல்லா இருக்கு சார். ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க. பொண்ணை வெளியே விடுங்க."

"எங்கே டாக்டர் விடறது?"

"காணும் பொங்கலுக்கு ஊரே ஆத்துக்குப் போகுதே, அங்கேதான்!"

திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் அப்போதெல்லாம் அடிமணல் தெரியும். சரோஜா அக்கா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் அவருடைய பெண்கள் என்னைத் தண்ணீருக்குள் இழுத்துப் போய்விட்டார்கள். முழங்கால் அளவுதான் ஆழம். காலுக்கடியில் மணல் நழுவியது. விழாமல் நிற்பதற்கே முழுக் கவனமும் வேண்டியிருந்தது. யாரோ என்மேல் தண்ணீரை வாரி இறைத்தார்கள். நானும் இறைத்தேன். நாடியை எண்ண மறந்தே போனேன்.

கரையில் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "போதும்மா, மூச்சு வாங்குது பாரு!" என்று வேட்டியோடு இறங்கி வந்தார். வந்தவர் பழக்கதோஷத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தார். மணல் அவர் காலையும் வாரியது. இரண்டு பேரும் சேர்ந்தே தண்ணீரில் உட்கார்ந்தோம். அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

ஆறு மருந்தல்ல. அதற்குப் பிறகும் பல வருஷம் ஊசி போட்டுக்கொண்டேன். ஆனால் அந்த ஊசிகளை நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே போட்டுக்கொண்டேன்.

அன்று தண்ணீரிலிருந்து அப்பா எழுந்து கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் தண்ணீர். முள் நின்றிருந்தது. அவர் விரலுக்கடியில் என் நாடி மட்டும் தடதடவென்று அடித்தது. எனக்குப் பயமே வரவில்லை. அந்த நிம்மதியில் அழுகை வந்தது.

"இப்ப எவ்வளவுப்பா?"

"தெரியலம்மா," என்றார். மணிக்கட்டை விட்டார். "பசிக்குதா?"

பசித்தது. மணி என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை, ஆனால் நன்றாகப் பசித்தது.