தொள்ளாயிரத்து ஒன்றில் நடந்த ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட்டில் ஒரு நண்பரின் புதுமனை புகுவிழா. அழைப்பிதழில் ஒன்பது மணி என்று போட்டிருந்தது. நான் ஏழு மணிக்கே போய் நின்றேன். தீவிலிருந்து வரும் பாலத்தில் ஜாம் இருக்கும் என்று பயந்து இருட்டோடு கிளம்பினால், அன்றைக்குப் பார்த்துப் பாலம் காலியாகக் கிடக்கிறது. வீட்டுக்காரரே குளித்திருக்க மாட்டார். என்ன செய்வது?

குடியிருப்பின் முனையில் ஒரு ஒட்டுக்கடை. ஒரு அக்கா மாவை அடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரொட்டி சானாய் ரெண்டு. ஒரு தே தாரேக்."

"கல்லு இன்னும் காயலண்ணே. விசேஷ வீட்டுக்கா வந்தீங்க? அது ஒம்பது மணிக்கில்ல?" அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னண்ணே... நீங்களும் தொள்ளாயிரத்தி ஒண்ணா?"

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை.

உங்களுக்குத்தான் தெரியுமே — யாராவது புதிதாக ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஆறே வருடம். மிச்சத்தையெல்லாம் பஸ்ஸிலும் பாசாரிலும் ஃபெர்ரியிலும் மக்கள் வாயிலிருந்துதான் படித்துக்கொண்டேன். சின்ன நோட்டை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன்.

"அது என்னக்கா, தொள்ளாயிரத்தி ஒண்ணு?"

"அதுவா? நேரத்துக்கு முன்னாடி வந்து நிக்கிறவங்கள அப்படித்தான் சொல்லுவோம். தப்பா ஒண்ண ரொம்ப கெட்டியா சொல்றவங்களையும் சொல்லுவோம். இந்தக் குடியிருப்புல, எங்க தாமான்ல ஒரு அண்ணன் இருக்காரு. பந்து விளையாட்டுன்னா உசுரு. ஆறு வருஷம் முன்ன பாலாய் ராயா மண்டபத்துல ஒரு குவிஸ் வச்சாங்க. ஏதோ ஒரு பழைய ஆட்டம் எந்த வருஷம் நடந்துச்சுன்னு கேட்டதுக்கு, தொள்ளாயிரத்தி ஒண்ணுன்னு அடிச்சு சொல்லிட்டாரு. கார்டுல தொள்ளாயிரத்தி ரெண்டு. உடனே மைக்கப் புடிச்சிருந்த எம்.சி. கேட்டான் பாருங்க — 'தம்பி, நீங்க ஒரு வருஷம் முன்னாடியே ஸ்டேடியத்துக்குப் போயிட்டீங்களே! கேட் பூட்டியிருந்திருக்குமே, காவக்கார ஜாகாவ எழுப்பினீங்களா?' ஐயோ... மண்டபமே உருண்டுச்சு! சரியான வாய் அவனுக்கு!"

பேனா நின்றுவிட்டது.

அந்த எம்.சி. நான்தான்.

அப்போது எனக்கு மீசை உண்டு, மண்டையில் முடியும் கொஞ்சம் உண்டு. அதனால் அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊர் ஊராகப் போய் மக்கள் பேச்சைப் பொறுக்கிக்கொண்டு வருகிறவன் நான். என் வாயில் பிறந்த ஒன்றை மக்கள் எடுத்துக்கொண்டு ஆறு வருடமாகப் புழங்குகிறார்கள் என்றால் சும்மாவா?

அந்தப் பெருமை தே தாரேக் டம்ளர் மேசைக்கு வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை.

"அந்த அண்ணன் இப்ப எப்படி இருக்காரு?" என்றேன்.

"குணா அண்ணனா? இருக்காரு. ஆனா இப்பல்லாம் வாயத் தொறக்கறதில்ல. முந்தி இங்க டிவியில மேட்ச் ஓடுனா, பக்கத்து மேசைக்கெல்லாம் கத சொல்லுவாரு. இப்ப பொங்குஸ் பண்ணி பார்சலா வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிடறாரு. ஏன் கேக்குறீங்க?"

ஏன் கேட்கிறேன்... உங்களிடம் சொல்கிறேன். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாதது.

அது குடும்ப குவிஸ். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர். பெரும்பாலும் அம்மாவும் மகனும், அண்ணனும் தங்கையுமாக வந்திருந்தார்கள். குணசேகரன் தன் மகள் யாழினியோடு வந்தார். அவர் ஃபேக்டரியில் டெக்னீஷியன். பிள்ளைக்கு அப்போது பதினாலு வயது. இரண்டு பேரும் அன்று அடித்து நொறுக்கினார்கள். கடைசிக் கேள்வியில் இன்னொரு குடும்பத்தோடு சமநிலை.

கேள்விகளைத் தயாரித்தவர் ஒரு இளம் ஆசிரியை. அர்ஜென்டினாவும் உருகுவேயும் ஆடிய முதல் அதிகாரப்பூர்வமான சர்வதேசக் கால்பந்தாட்டம் எந்த ஆண்டில் என்று எழுதித் தந்திருந்தார். மத்தியானம் தாளைப் புரட்டிப் பார்த்த நான், 'அதிகாரப்பூர்வமான' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டேன். மைக்கில் சொல்லும்போது நாக்கு தடுக்கும். நமக்குத்தான் எளிய தமிழ் பிடிக்குமே! 'அர்ஜென்டினாவும் உருகுவேயும் முதன்முதலில் மோதிய ஆண்டு எது?' — கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

யாழினி அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மணியை அடித்தார். "தொள்ளாயிரத்தி ஒண்ணு."

என் கார்டில் 1902. மீதியை அக்கா சொல்லிவிட்டார்.

மண்டபம் சிரித்து அடங்கும் முன்னே, யாழினி சொன்னது மைக்கில் லேசாகக் கேட்டது — "அப்பா... நான்தான் ரெண்டுன்னு சொன்னேனே."

இதுவரை நடந்தது தவறு. தவறு யாருக்கும் வரும். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

டீ நேரத்தில் ஆசிரியை ஓடி வந்தார். "அண்ணே, 'அதிகாரப்பூர்வமான'ன்னு எழுதியிருந்தேனே, நீங்க படிக்கலியே? அது இல்லன்னா அவர் சொன்னதுதான் சரி. தொள்ளாயிரத்து ஒண்ணுலேயே ஒரு ஆட்டம் நடந்திருக்கு."

விஷயம் இதுதான். உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் 1901இல் இரண்டு நாடும் ஆடியிருக்கின்றன. நமக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே கடல் கிடப்பது மாதிரி, அந்த இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு ஆறு. ஆறு என்றால் அடுத்த கரை தெரியாத ஆறு. அர்ஜென்டினாக்காரர்கள் அதைத் தாண்டி வந்து ஆடி, மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். ஆனால் உருகுவே அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கிளப்பின் ஆட்கள். அதனால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் முதல் ஆட்டம் என்று எழுதிக்கொண்டார்கள். அதில் அர்ஜென்டினாவுக்கு ஆறு கோல், உருகுவேக்குப் பூஜ்யம்.

யோசித்துப் பாருங்கள்... இருபத்திரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள். விழுந்து எழுந்திருக்கிறார்கள். ஐந்து கோல் விழுந்திருக்கிறது. ஆனால், நடக்காத ஆட்டம்!

இதையெல்லாம் அந்த ஆசிரியை மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது நான் என்ன செய்தேன்? மேடையைப் பார்த்தேன். கோப்பைகள் மேசைக்கு வந்துவிட்டன. பரிசு கொடுக்க வந்த பிரமுகர் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கரிபாப்பைக் கடித்துக்கொண்டே இரண்டு பேர் வந்து, "ஜோக்கு பிரமாதம்ணே" என்று என் முதுகில் தட்டினார்கள்.

"விடுங்க டீச்சர், முடிஞ்சது முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் சின்னப் பெண். நான் பெரியவன், பேர் பெற்றவன். விட்டுவிட்டார்.

இப்போது, ரொட்டி சானாயைத் தொடாமல் எழுந்தேன். குணாவின் வீடு மூன்று தெரு தள்ளித்தான் என்று அக்கா கையைக் காட்டினார்.

என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மீசை இல்லாவிட்டாலும்!

"அண்ணே! நீங்களா? வாங்க வாங்க... இந்தப் பக்கம் எங்க? பேப்பர்ல உங்க பத்திய வாரா வாரம் படிக்கறேண்ணே. உக்காருங்க, மைலோ கலக்கறேன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றுதான் தயாராகப் போயிருந்தேன். அவரோ என் எழுத்தைப் பற்றி என்னிடமே பேசிக்கொண்டிருந்தார். பட்டப் பெயரைப் பற்றிக் கேட்டதற்கும் சிரிப்புதான்.

"என் சொந்தப் பேரு யாருக்கும் ஞாபகமில்லண்ணே. பார்சல் கொண்டாரவன்கூட, 'தொள்ளாயிரத்தி ஒண்ணு அண்ணன் வீடு எது'ன்னு கேட்டுத்தான் வர்றான். வீட்டு நம்பர்னு நெனச்சு ஒருத்தன் தாமான் முழுக்கத் தேடியிருக்கான்!"

அவரே ஜோக் அடிக்கும்போது வாயை மூடிக்கொண்டு மைலோவைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். எவ்வளவோ பேர் அப்படித்தான் வருகிறோம். நான் சொல்லிவிட்டேன். அடித்த சொல்லைச் சொன்னேன். ஆசிரியை ஓடி வந்ததைச் சொன்னேன். கோப்பை மேசையில் இருந்ததைச் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீ நேரத்துலயேவா தெரியும்?"

"ம்."

"பரிசு குடுக்கறதுக்கு முன்னாடியே?"

"ஆமா, குணா."

பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றார் கடைசியில். "டிக்‌ஷனரிய பக்கத்துல வச்சுக்கிட்டு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து இங்கிலீஷ் புத்தகத்துல படிச்சது. எப்படி மறக்கும்? ஆனா நீங்க தெரியாமத்தான் சொன்னீங்கன்னு நெனச்சிருந்தேன். தெரியாம பேசுறவங்கமேல கோவப்பட முடியுமா? நானும் எத்தனையோ தடவ தெரியாம பேசியிருக்கேன்... தெரிஞ்சே விட்டுட்டீங்களாண்ணே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மன்னிச்சிடு குணா. கோப்பை உங்களுக்கு வந்திருக்கணும்."

"கோப்பைய விடுங்க, அத துடைக்கவே ஒரு ஆள் வேணும்." அவர் வெளியே பார்த்தார். "யாழினிய ஸ்கூலுக்கு கார்ல கூட்டிக்கிட்டுப் போவேன். ஏறுன நேரத்துலேர்ந்து கேப்பா. அப்பா, விமானத்துக்கு ஹாரன் இருக்கா? அப்பா, கோல் கம்பிக்கு ஏன் வலை? எனக்குத் தெரியலன்னா, நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு லைப்ரரிக்கு ஓடுவேன். அந்த குவிஸ்ஸுக்கு மறுநாள் கார்ல ஏறுனா. ஒண்ணும் கேக்கல. ஃபோன எடுத்தா. அவ்ளோதான். சண்ட இல்ல, கோவம் இல்ல. இன்னைக்கு வரைக்கும் பாசமாத்தான் இருக்கா. கேக்கறது மட்டும் நின்னுபோச்சு."

நான் மைலோ டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"நான் அவகிட்ட சொல்றேன். இப்பவே."

அவர் தயங்கினார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாழினி ஜோகூரில் பொறியியல் படிக்கிறாள். ஃபோனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஹலோ, ஆ... சொல்லுங்கப்பா. ஃப்ரெண்ட்ஸோட வெளிய கிளம்பிட்டேன், சீக்கிரம்."

"ஒரு அங்கிள் பேசணுமாம்மா."

நான் பேசினேன். பெயரைச் சொன்னேன். குவிஸ், கேள்வி, அடித்த சொல், எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கப்பா சொன்னதுதாம்மா சரி. நான்தான் தப்பு. தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன்."

குணா ஃபோனை நோக்கிக் கொஞ்சம் குனிந்தார்.

"எந்த குவிஸ் அங்கிள்?"

"பாலாய் ராயாவுல... ஆறு வருஷம் முன்ன..."

"ஓ... வந்திருப்பேன்னு நெனைக்கறேன். சாரி அங்கிள், ஞாபகமே இல்ல லா. இதச் சொல்லவா வீட்டுக்கு வந்தீங்க? சோ ஸ்வீட்! பரவால்ல லா, அதெல்லாம் ஒரு விஷயமா? அப்பா, நான் அப்புறம் கூப்பிடறேன், என்னா? கார் வந்துடுச்சு. பை பை!"

ஃபோன் அணைந்தது.

நான் மைக்கில் எறிந்த ஒரு வரி ஆறு வருடம் தாமான் முழுக்க ஓடியிருக்கிறது. அதைத் திருப்பி வாங்க வந்தவனின் பேச்சு ஒரு ஃபோன் ஸ்பீக்கரைக்கூடத் தாண்டவில்லை. அந்தப் பிள்ளைமேல் என்ன குற்றம்? நடந்ததை அவள் மறந்துவிட்டாள். அதிலிருந்து வந்த, கேள்வி கேட்காத பழக்கம் மட்டும் அவளுக்கே தெரியாமல் அவளிடம் தங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் சீக்கிரம் போய்விடுங்கள். காயம் ஆறிவிடும் என்பதற்காக இல்லை. காயத்தின் காரணம் மறந்துபோய், வெறும் தழும்பு மாத்திரம் நின்றுவிடும் என்பதற்காக.

குணா டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையலறை வாசலில் நின்று திரும்பினார்.

"பாத்தீங்களாண்ணே... ஸ்கோர் என்னான்னு ஒரு வார்த்த கேக்கலயே."

"ஸ்கோர் என்ன குணா?" என்று நான் கேட்டேன்.

அவர் டம்ளர்களோடு திரும்ப வந்து உட்கார்ந்தார். சொன்னார். மூன்றுக்கு இரண்டு, எப்படி வந்தார்கள், எங்கே ஆடினார்கள் எல்லாம் சொன்னார். அழகாகச் சொன்னார்.

ஆனால், கேட்டிருக்க வேண்டிய ஆள் நானில்லை.