தோட்டா ஒரு ஊரில், துவக்கு ஒரு ஊரில்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு முருங்கன் சந்தியில் இறங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னார், மன்னாரில் பஸ் மாறி முருங்கன். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டவளுக்கு இடுப்பு ஒருபக்கம், கழுத்து ஒருபக்கம். முப்பது வருடம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள் வீட்டில் இருக்கக்கூடாதா என்று மகள் கேட்டாள். இருக்கலாம்தான். ஆனால் வேட்டைக்காரர்களே சேர்ந்து மானைக் காவல் காக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, அதை நம்பிக்கொண்டு வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. பரீட்சை மண்டபத்தில் நின்று பழகிய கண் எனக்கு. ஒழுங்காக இருக்கிற பிள்ளையைத்தான் முதலில் பார்ப்பேன்.

சந்தியில் ஓட்டோ பிடித்தேன். சிலாவத்துறைப் பக்கம், மூவாயிரம் ரூபா. சாரதியின் பெயர் அன்ரன். கண்ணாடிக்கு மேலே செபமாலை ஆடிக்கொண்டிருந்தது. ஊரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மான் எங்கே நிற்கிறது என்று அச்சில் போட்டால், படிக்கிறவர் எல்லாரும் பார்க்க மட்டும் வருவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார்கள். நியாயமான கேள்வி.

பாதையின் இருபுறமும் சிறுபோக நெல் முற்றி நின்றது. தூரத்தில் காடு கறுப்பாகத் தொடங்கியது. நான் படிப்பித்தவள் என்றும் யார் வீட்டுக்குப் போகிறேன் என்றும் கேட்டறிந்த அன்ரன், பாதி வழியில் குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், காய்ஞ்ச மான் இறைச்சி வேணுமெண்டா சொல்லுங்கோ. ஆளைத் தெரியும்."

பார்த்தீர்களா, வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, கதை கந்தலாகிவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். ஆளை மடக்க வேண்டும் என்று நினைத்து, "கிலோ எப்பிடிப் போகுது?" என்று கேட்டேன். அவர் வேகத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு வழி முழுக்க வாயே திறக்கவில்லை. இறங்கும்போது காசை வாங்கிக்கொண்டு, என் பையை ஒரு பார்வை பார்த்தார்.

நான் தங்கவிருந்தது யோகராசா வீட்டில். ஐம்பது தாண்டிய, நெல் விதைக்கிற கமக்காரர், முன்பு பேர்போன வேட்டைக்காரர், இப்போது காவல் சங்கத்தின் செயலாளர். மனைவி புஸ்பம் கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. யோகராசாவின் முகத்தில் மட்டும் வரவேற்பு இல்லை.

"ரீச்சருக்கு இறைச்சி வேணுமாம் எண்டு அன்ரன் போன் எடுத்தவன்," என்றார்.

எனக்கு முகம் சுட்டுவிட்டது. விடயம் இதுதான்: சங்கம் சொல்லிவைத்தபடி, ஊருக்கு வருகிற வெளியாட்களிடமெல்லாம் ஓட்டோக்காரர்கள் இப்படிக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் சரி. விலை கேட்டால் இறைச்சி வாங்க வந்த ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள். வாங்குகிறவன் இல்லாவிட்டால் சுருக்கு வைக்கிறவன் இல்லை என்பது இவர்களது கணக்கு. நான் அன்ரனைப் பிடிக்கத்தான் விலை கேட்டேன் என்று விளக்கினேன். யோகராசா தலையாட்டினார். நம்பியவரின் தலையாட்டல் அல்ல அது. எனக்குக் கோபம் வந்தது, கூடவே இவர்கள் கெட்டிக்காரர்கள்தான் என்றும் பட்டது.

மத்தியானம் சோறும் ஒட்டி மீன் குழம்பும். நான் குழம்பைக் கரண்டியால் கிளறியதைப் புஸ்பம் பார்த்துவிட்டார்.

"இங்க வாற ஆக்களுக்கு நான் இறைச்சி சமைக்கிறதில்லை, ரீச்சர். கோழி எண்டு சொன்னாலும் நம்பமாட்டினம்."

பின்னேரம் நாலரைக்கு அடுத்த ஊரான முசலியிலிருந்து றஹீம் மோட்டார் சைக்கிளில் வந்தார். நரைத்த தாடி, மெலிந்த உடம்பு. எல்லாரும் அண்ணன் முறையில் றஹீம் நானா என்கிறார்கள். காவல் எப்போதும் இரண்டு பேராகத்தான் போகும். ஒருவர் இந்த ஊரின் கமக்காரர், மற்றவர் முசலிப் பக்கத்து ஆள். சொந்தக்காரர் இருவர் சேர்ந்து போகக்கூடாது. சிநேகிதரும் கூடாது. மானைத் தின்று முடிப்பது மற்ற ஊர்தான் என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்த இரண்டு ஊர்கள் இவை. அந்தச் சண்டையையே எடுத்துக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். புறப்படுமுன் யோகராசாவின் பையை றஹீம் கொட்டிப் பார்த்தார், றஹீமின் பையை யோகராசா. முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

பயிரைக் காக்க அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு இந்த ஊரில் சில வீடுகளில் உண்டு. அவற்றின் தோட்டா அத்தனையும் முசலியில், றஹீமின் அலுமாரியில். மானை விரட்ட ஆகாயத்துக்கு ஒரு வெடி வைப்பதென்றாலும் இரண்டு ஊரும் கூடினால்தான் முடியும். சுருக்குக் கம்பி எங்கேயும் கூடாது. தண்ணீர் வற்றுகிற மாதங்களில் மோட்டை என்கிற காட்டுக் குட்டையடியில் ஒருவரும் ஒளித்திருக்கக்கூடாது. எந்த வீட்டு ஆள் கம்பி வைத்தாலும் அந்த வீட்டுத் தோட்டா திரும்பக் கிடையாது, அந்த வீட்டார் சங்கத்தில் பதவி வகிக்கவும் முடியாது.

வரம்பில் நடந்துகொண்டே, மான் பெருகிவிட்டதா என்று கேட்டேன்.

"பெருகிட்டுது," என்றார் யோகராசா. "என்ர காட்டுக்கரை வயலைப் பாருங்கோ. வருசத்துக்கு இத்தனை கிடாய் எண்டு சட்டம் அளந்து குடுத்தால் நாங்கள் ஒழுங்கா நடப்பம். இப்ப ஒண்டும் சுடக்கூடாது எண்டால், கள்ளமாச் சுடுறவனுக்குத்தான் மான் முழுக்க."

"அளந்து குடுத்தா, ஆரு எண்ணுறது?" என்றார் றஹீம். "நீங்க எண்ணினா நான் நம்பமாட்டன். நான் எண்ணினா நீங்க நம்பமாட்டீங்க. கதவைத் திறந்தா பிறகு சாத்த ஏலாது, யோகராசா."

இந்த விவாதம் அவர்களுக்குள் பழையது என்பது நடையிலேயே தெரிந்தது. இருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை.

காட்டுக்கரை வயலைப் பார்த்தேன். கதிர் உருவி எடுத்த வெறும் தாள் பாதி வயலுக்கு நின்றது. மீதியில் கதிர் தலைசாய்த்திருந்தது. அறுவடைக்கு இன்னும் பத்து நாள் என்றார் யோகராசா. இந்தப் போகம் இந்த வயல் கைவிட்டால் அடுத்த விதைப்புக்கு விதைநெல்லும் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு இரண்டு ஊரும் கூடி, மாரிக் காலபோகத்துக்கும் இந்த ஒப்பந்தம் தொடர்வதா என்று முடிவெடுக்க இருந்தன. போதும், அவரவர் தோட்டாவை எடுத்துக்கொள்ளுவோம் என்கிறவர்கள் கூடிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் முதல் ஆள் தவராசா, றோட்டுக்கரை வயல்காரர். அப்படி நடந்தால் மாரிக்குள் இந்தக் காட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். யோகராசா கையை விரித்தார்.

வெள்ளி காலை ஐந்தேமுக்காலுக்கு மூவரும் மறுபடி போனோம். காட்டுக்கரை வேலியின் இடுக்கில் ஒரு பெட்டை மான் கிடந்தது. பின்னங்காலில் கம்பி. மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிளை முறுக்கிச் செய்த சுருக்கு. அது எங்களைக் கண்டதும் எழும்பி, இழுத்து, விழுந்தது. நிலம் முழுக்க உழுதது போல் கிளறியிருந்தது. வாய் திறந்திருந்தும் சத்தம் வரவில்லை. நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

றஹீம் சட்டையைக் கழற்றி மானின் கண்ணை மூடினார். யோகராசா கழுத்தில் முழங்காலை வைத்து அமத்தினார். மான் பிடித்துப் பழகிய கைகள், இம்முறை விடுவதற்கு. குறட்டால் கம்பியை வெட்டியதும் அது மூன்று காலில் பாய்ந்து பற்றைக்குள் போயிற்று.

றஹீம் கம்பியை உற்றுப் பார்த்தார். பிறகு சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். யோகராசா, அது யார் வேலை என்று கேட்கவில்லை. றஹீமும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் என் மனம் சும்மா இருக்கவில்லை. றஹீம் ஏன் கம்பியை மறைத்தார்? யோகராசா ஏன் கேட்கவில்லை? ஒருவர் வைத்தது, மற்றவர் பங்குகாரர் என்றே முடிவு கட்டினேன். நேற்று எனக்குக் காட்டிய பைச் சோதனையெல்லாம் நாடகம் என்று நினைத்தேன்.

பின்னேரம் இரண்டரைக்குப் பாடசாலை மண்டபத்தில் கூட்டம். றஹீம் எழும்பி நடந்ததைச் சொல்லி, கம்பியை எடுத்து மேசையில் வைத்தார். தவராசாவுக்கு அது போதும்.

"பாத்தீங்களோ? எங்கட ஊர் வேலிக்குள்ள கம்பி. இறைச்சி ஆருக்குப் போகும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் தோட்டாவைக் குடுத்துப்போட்டு விரல் சூப்பிக்கொண்டு இருக்கிறம்."

முசலிக்காரர் இரண்டு பேர் எழும்பினார்கள். றஹீம் கையைப் பிடித்து இருத்தினார். மறுத்துப் பேசாதவன் குற்றவாளி என்று நானும் நினைத்தேன். யோகராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் பெண்கள் இருந்த வாங்கு வரிசையிலிருந்து புஸ்பம் எழும்பினார்.

"அந்தக் கம்பி நான் வைச்சனான்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இவர் ஊர் ஊரா மானைக் காக்கிறார். வயலில பகல் முழுக்க நிக்கிறது நான். இரவில விழுந்த கதிரைக் காலமையில பொறுக்கிறதும் நான். உங்கட ஒப்பந்தத்தில என்ர வயல் இருக்கு. நான் இல்லை. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்ல."

"அதுக்குக் கம்பி வைக்கிறதோ?" என்றார் தவராசா. குரல் இறங்கியிருந்தது.

"பிழைதான். தண்டனையைத் தாங்கோ. ஆனா ஒண்டு கேக்கிறன். நெல் வெட்டு மெசின் ஒவ்வொரு போகமும் றோட்டுக்கரையிலயிருந்துதான் இறங்குது. தவராசா அண்ணையின்ர வயல் முதல். காட்டுக்கரை கடைசி. நீங்கள் நெல்லைக் காயப்போட்டு மூட்டை கட்டுற நேரத்தில மான் என்ர வயலில நிக்குது. மெசினைக் காட்டுக்கரையால இறக்கினால் என்ன?"

இத்தனை கூட்டம் கூடியவர்கள், மானைப் பற்றிப் பேசினார்கள், துவக்கைப் பற்றிப் பேசினார்கள், சட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். மெசின் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று ஒருவரும் பேசியிருக்கவில்லை. மானும் அந்த ஒழுங்கை அறிந்தே வந்திருக்கிறது. பேச்சு ஐந்து மணிவரை இழுபட்டது. காட்டுக்கரை வண்டிப் பாதை மெசினைத் தாங்குமா, றோட்டுக்கரை நெல் அதுவரை பொறுக்குமா, மழை வந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டுத் தவராசா கடைசியில்தான் சம்மதித்தார். அதுவும் இந்த ஒரு போகத்துக்கு மட்டும், பிறகு பார்ப்போம் என்று. ஒப்பந்தமும் அதேபோலத்தான், காலபோகம் முடியும்வரை மட்டும்.

விதி விதிதான். யோகராசாவின் செயலாளர் பதவி போனது. அவர் வீட்டுத் தோட்டா திரும்பாது என்று எல்லார் முன்னாலும் றஹீம் சொன்னார். யோகராசா எழும்பி, சரி என்று மட்டும் சொன்னார். காவல் நடப்பது பதவியல்ல, அதில் அவரது இடத்துக்குப் புஸ்பத்தின் பெயரைப் போட வேண்டும் என்று முசலிப் பெண் ஒருத்தி கேட்டாள். மான் தின்ற கச்சான் கடலைத் தோட்டத்துக்காரி, பெயர் சித்தி. புஸ்பத்துடன் சோடியாகத் தானே நடப்பதாகவும் சொன்னாள். நம்பிக்கையில் கேட்டதாகத் தெரியவில்லை. கம்பி வைத்தவளைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருப்பது நல்லது என்று நினைத்திருப்பாள்.

வெளியே வந்ததும் றஹீமிடம் கேட்டேன், கம்பியைக் கண்டதுமே தெரியுமா என்று.

"தெரியும், ரீச்சர். யோகராசாவுக்கும்தான். அந்தக் காலத்துல அந்த முடிச்சுப் போட்டது புஸ்பத்துட அப்பா ஒராள்தான். அவரோட காடு போனவன் நான்."

"பிறகேன் பேசாமல் இருந்தீங்கள்?"

"நான் சொன்னா, முசலியான் தப்பப் பாக்கிறான் எண்டுதான் சொல்லுவாங்க. நீங்களும் அப்பிடித்தான் நினைச்சிருப்பீங்க."

நினைத்தேன்தான் என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அன்ரனின் ஓட்டோ வந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் எங்கள் தெரு ஒழுங்கையில் ஒரு வேலிச் சண்டை பதினொரு வருடமாக நடக்கிறது. ஆளையாள் நம்பினால்தான் தீரும் என்று அங்கே எல்லாரும் காத்திருக்கிறோம். இவர்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. இது நீடிக்குமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான்.

புஸ்பம் முதற்காவல் முடித்து அப்போதுதான் வந்தார். பாவாடைக் கரை முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. நொண்டி மானைக் கண்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வாசல் படலைவரை என்னோடு வந்து, சொல்லலாமா என்று யோசிப்பவர்போல நின்றார்.

"அப்பா கம்பி வைக்கிறதைச் சின்னனில பாத்தனான், ரீச்சர். ஒருநாளும் கை வைச்சதில்லை. இதுதான் முதல் தரம். விழாது எண்டுதான் நினைச்சனான். சும்மா ஒரு ஆத்திரத்துக்கு." கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "முதல் இரவே விழுந்திட்டுது. எனக்கு இது இவ்வளவு நல்லா வரும் எண்டு தெரியாது. அதுதான் காவலுக்கு ஓம் எண்டனான். சித்தி என்னைப் பாத்துக்கொண்டிருக்கட்டும்."